இரண்டாவது நட்சத்திரம்

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு பவுக்கேயிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் அலுவலகத்தில் உள்ள ஆறு பேருக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார். ஒரே வரி: "எண்பத்தேழாம் பக்கத்தில் சீஸ் திருடுகிறவர் யார்?"

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மேஜை மேல் வைத்ததாக நினைப்பு. அது என் மடியில் இருந்தது.

பவுக்கே, எல்ஸ்வியர் ஊரின் பாலக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருப்பவர். இருபத்திரண்டு வருடம் கால்வாய்க் கரையிலேயே உட்கார்ந்து பாலத்தைக் கையால் தூக்கி இறக்கியவர். இப்போது திரைகளின் முன்னால் உட்கார்ந்து ஒன்பது பாலங்களைப் பொத்தானால் தூக்குகிறார். பொத்தானுக்குப் பின்னால் இனி வரப்போகிற புது மென்பொருள் எங்களுடையது. மூன்று வாரமாக ஒரே ஒரு பாலத்தில் அதை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். அன்று பத்து மணிக்கு நாங்கள் அவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். அதற்கு முன் கையேட்டை முழுசாகப் படித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நாங்கள் சிரித்தோம். கையேட்டை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே இந்தத் தொழிலே நடக்கிறது!

உண்மையைச் சொன்னால், கையேட்டை எழுதுகிறவர்களும் யாருமில்லை. அதற்கு ஒரு கருவி இருக்கிறது. நிரல் எழுதும்போது கட்டளைகளுக்கு நடுநடுவே, மனிதர்கள் படிப்பதற்காகக் குறிப்பு எழுதிவைப்போம்: இது மணியடிக்கும், இது தடுப்பை இறக்கும் என்று. ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் போட்டுத் தொடங்குகிற குறிப்புகளைக் கருவி பொறுக்கியெடுத்து, வரிசைப்படுத்தி, பக்க எண் போட்டுப் புத்தகமாக்கிவிடும். ஒற்றை நட்சத்திரக் குறிப்புகளைத் தொடாது. அவை எங்களுக்குள் பேசிக்கொள்வது. வெளியாள் பார்க்கக் கூடாதது.

வெளியாள் பார்க்கக் கூடாதது என்றால் முக்கியமாகப் பாட்டுகள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி, கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி, சின்ட் வருவாரல்லவா, தாடியும் உயரத் தொப்பியுமாக? அவர் பரிசோடு ஒரு கேலிப் பாட்டும் தருவார். அந்த வருடம் நீங்கள் செய்த கோணங்கித்தனமெல்லாம் எதுகையோடு அதில் இருக்கும். எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. யாருக்கு வந்ததோ அவர் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் "நன்றி, சின்ட்" என்று சொல்ல வேண்டும். கோபம் வந்தாலும் சொல்ல வேண்டும், அழுகை வந்தாலும் சொல்ல வேண்டும். இதை மறுத்த ஆளை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை.

எங்கள் அலுவலகத்தில் அந்தப் பாட்டை நிரலுக்குள் ஒளித்துவைப்போம். சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் எழுதிய நிரலுக்கு மேலே, ஒற்றை நட்சத்திரத்தோடு. யார் வைத்தது என்று கணினியைக் குடைந்தாலும் தெரியாது. சின்ட் என்ற பெயரில் ஒரு பொதுக் கணக்கு உண்டு, கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடமாக இப்படிச் சேர்ந்த பாட்டுகள் அறுபத்துச் சொச்சம்.

இனி என் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கையேட்டுப் பொறுப்பு என்னுடையது. கருவியை ஓட்டினேன். அறுபத்தொரு பக்கம் வந்தது, கூடவே ஆயிரத்து முந்நூற்று எண்பது எச்சரிக்கைகள்: இதற்கு விளக்கம் இல்லை, அதற்கு விளக்கம் இல்லை என்று. விளக்கம் எல்லாம் இருந்தது, சோம்பேறித்தனத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தோம். ஒப்பந்தப்படி எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மணி மூன்று. நான்கரைக்கு எல்லோரும் பீர் குடிக்கப் போகிறோம். ஒரே ஒரு வரியில் ஒரு கட்டளை எழுதினேன்: எங்கெல்லாம் ஒரு நட்சத்திரம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இன்னொன்று சேர். கருவியை மறுபடி ஓட்டினேன். எச்சரிக்கை: பூஜ்யம். பக்கம்: நானூற்றுப் பன்னிரண்டு.

நான் மேஜையைச் சுற்றி ஆடினேன். பக்கத்து மேஜை யெல்மர் கைதட்டினான். முதலாளி சியார்ட் தன் மூன்று ஸ்வெட்டரோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நின்கே, நீ ஒரு மேதைம்மா" என்றார். அச்சிட்டு, நீல அட்டை போட்டு, நாலு மணிக்கே அனுப்பிவைத்தோம். பாட்டுகள் ஞாபகத்துக்கே வரவில்லை. மேதைக்கு!

எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெப்பமானி அளவீடு பற்றிய பக்கம். சியார்ட் எழுதிய நிரல். விளக்கம்:

"ஹீட்டரைப் பதினேழில் வைப்பார், ஸ்வெட்டர் மூன்று போடுவார்;
ஃபிரிட்ஜில் வைத்த சீஸ் எங்கே? நம்மோடு சேர்ந்து தேடுவார்."

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு பாட்டு ஞாபகம் வந்து, பொருளடக்கத்துக்குத் தாவினேன். முந்நூற்று மூன்றாம் பக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு யெல்மரைப் பிடிக்கும். ஆறு வருடமாக அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் எல்லோரும் வரியின் தொடக்கத்தில் நான்கு இடம் விட்டு எழுதுவார்கள், நான் மட்டும் மூன்று. "நாலாவது இடத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்று தினம் கேட்பான். அவன் கேட்காத நாள் எனக்கு நாளாகவே இருக்காது. இரண்டு வருடம் முன்னால் சீட்டில் அவன் பெயர் எனக்கு வந்தது. வழக்கம்போல் கேலியாக ஒன்று எழுதி வைத்தேன், அவன் படித்தான், எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்கு முந்தின நாள் இன்னொன்று எழுதியிருந்தேன். அதை அவனுடைய வேறொரு நிரலுக்கு மேலே வைத்துவிட்டு யாருக்கும் சொல்லவில்லை. "கடைசி ஆள் கடக்கும்வரை காத்திரு" என்பது அந்த நிரலின் பெயர். பாலத்தின் மேல் ஒரு ஆள் நின்றாலும் பாலம் திறக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வது. ஒழுங்காக வேலை செய்த நிரல். ஒழுங்காக வேலை செய்கிற நிரலை எவரும் திறக்கமாட்டார்கள், நான் வெட்கத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அது அச்சாகி, நீல அட்டைக்குள் பவுக்கேயின் மேஜை மேல் இருக்கிறது. பத்து மணிக்கு எல்லோரும் அங்கே உட்காரப் போகிறோம். பவுக்கே எதையும் மனசுக்குள் படிக்கிற ரகமில்லை.

நட்சத்திரங்களைத் திருப்பி எடுத்தேன். அறுபத்தொரு பக்கக் கையேட்டை அச்சிட்டுப் பையில் திணித்தேன். முன்னாடியே போய், தப்பான பிரதி வந்துவிட்டது என்று சொல்லி மாற்றிவிட வேண்டும். ஒல்லியாக இருக்கிறது என்று திட்டினால் திட்டட்டும். சியார்டின் அறைக்குள் தலையை நீட்டி, "பல் டாக்டர்கிட்ட போய்ட்டு நேரா அங்க வந்துடறேன்" என்றேன்.

"யெல்மர் வீட்ல பிளம்பர் வந்திருக்காராம், இப்பதான் ஓடினான். இன்னிக்குன்னு பார்த்து எல்லாருக்கும் ஒழுகுது" என்றார் சியார்ட். "பத்துக்கு அங்க இருக்கணும். அப்புறம், அந்தச் சீஸ் விஷயம் யாரு எழுதினது?"

"சின்ட்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சைக்கிளில் ஏறும்போது இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. மணி ஒன்பது ஐந்து. "இருநூற்றுப் பன்னிரண்டு. கூட்டத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எப்படி என்று எனக்கும் கற்றுக்கொடுப்பீர்களா?" இருபத்தைந்து நிமிடத்தில் நூற்று இருபத்தைந்து பக்கம். அவர் மென்பொருளைப் படிக்கவில்லை, பாட்டை மட்டும் தேடித் தேடிப் படிக்கிறார்! முந்நூற்று மூன்றுக்கு இன்னும் இருபது நிமிடம்கூட இல்லை. எதிர்க்காற்று. இந்த ஊரில் எந்தப் பக்கம் மிதித்தாலும் எதிர்க்காற்றுதான். பற்களைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்; பல் டாக்டர் பொய் பாதி நிஜமானது.

கால்வாய்க்கு வந்தால் தடுப்பு இறங்கியிருந்தது. பாலம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் பாலம், எங்கள் மென்பொருள் ஓடுகிற அதே பாலம். ஒரு பாய்மரப் படகு கடந்து போய் அப்பால் கட்டியாகிவிட்டது. பாலம் மட்டும் இறங்கவில்லை. தடுப்புக்கு முன்னால் ஏழெட்டு சைக்கிள்கள், ஒரு ரொட்டிக் கடை வண்டி. எல்லோருக்கும் முன்னால், கையுறை இல்லாத கைகளோடு, யெல்மர்.

"பிளம்பர் இந்தப் பக்கமா இருக்காரு?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினான். "உன் பல்லு எப்படி இருக்கு?"

"பயங்கர வலி."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும். பையில என்ன?"

"பேப்பர். உன் பையில?"

"எனக்கும் பேப்பர்தான். கையேட்டுல ஒரு எழுத்துப்பிழை. மாத்திக் குடுக்கப் போறேன்."

"நானும் ஒரு எழுத்துப்பிழைக்காகத்தான் போறேன்" என்றான். காது சிவந்திருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். "உன்னுது எந்தப் பக்கம்?"

"முன்னூத்தி ஏதோ ஒண்ணு. உன்னுது?"

"அதுவும்... முன்னூத்தி ஏதோ ஒண்ணுதான்."

தெரிந்துவிட்டது, படித்துவிட்டான், எனக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போகிறான் என்று நினைத்தேன். கால்வாயில் குதித்துவிடலாமா என்றிருந்தது. தண்ணீர் குளிரும், வேண்டாம். "பாலம் ஏன் இறங்கல?" என்று பேச்சை மாற்றினேன்.

யெல்மர் விரலை நீட்டினான். பாலம் வந்து அமர்கிற கல்மேடையில் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. மூடும்முன் கீழே எதுவும் இல்லையா என்று பார்ப்பதும் அவன் எழுதிய நிரல்தான். அது அழகாக வேலை செய்துகொண்டிருந்தது.

"உன் வாத்தால நான் சாகப் போறேன்" என்றேன்.

"வாத்து என்னுதில்ல. விதிதான் என்னுது." டப்பாவைத் திறந்து, மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீர்ப் பக்கம் எறிந்தான். காற்று அதைத் திருப்பி வாத்தின் காலடியிலேயே போட்டது. வாத்து வசதியாகத் தின்ன ஆரம்பித்தது. இன்னொரு துண்டு எறிந்தான். இன்னொரு வாத்து வந்தது.

தடுப்புக் கம்பத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது. "யெல்மர்! ரொட்டி போட்டா அது எப்படிப்பா எழுந்து போகும்?"

பவுக்கே! கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார். சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள்.

"பக்கத்துல யாரு, நின்கேயா? நல்லதாப் போச்சு. நான் இப்பதான் முன்னூத்தி மூணுக்கு வந்தேன்."

படகுக்காரர்கள் பேசுவதற்காகக் கம்பத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதன் மேல் பாய்ந்தேன். "பவுக்கே, அது தப்பான பிரதி! சரியானத நான் கொண்டு வர்றேன். மூடி வைங்க, ப்ளீஸ்!"

"எத மூடச் சொல்றே, பாலத்தையா?"

"புஸ்தகத்த!"

"பாலத்ததான் மூட முடியல, புஸ்தகத்தையாவது படிக்கறேனே. முப்பது வருஷத்துல நான் விடாம படிச்ச முதல் கையேடும்மா இது." காகிதம் புரளும் சத்தம் கால்வாய் முழுக்கக் கேட்டது. "ஆனா இந்த ஒண்ணு மட்டும் புரியல. இதுல கேலியே இல்ல. கையுறைய மறக்கற ஆளுன்னா யெல்மர்தானே? யாருக்கு வந்துச்சோ அவங்கதான் படிக்கணும். யெல்மர், படிப்பா."

"சின்ட் பாட்டா?" என்றார் ரொட்டி வண்டிக்காரர், ஜன்னலை இறக்கிக்கொண்டே. "மார்ச் மாசத்துலயா? பரவால்ல, படி தம்பி!"

"படி! படி!" என்று சைக்கிள் கூட்டம் மணியடித்தது. வாத்துகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

"அவன்கிட்ட புஸ்தகம் இல்லையே!" என்று நான் கத்தினேன். அதுதான் எனக்கு மிச்சமிருந்த கடைசிக் கயிறு.

"புஸ்தகம் வேணாம்" என்றான் யெல்மர். ரொட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்தான். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். நேராக நின்று, என்னைப் பார்க்காமல், வாத்துகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னான்:

"கையுறையை வீட்டில் வைத்துக் காற்றில் விரல் விறைப்பான்;
மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பத்து மணிக்கே திறப்பான்.
கேலி செய்ய உட்கார்ந்தேன், வேறு வரியே வரவில்லை;
அவன் லீவு போட்ட நாளில் எனக்கு வேலை ஓடவில்லை."

மூச்சு விட்டான். "நன்றி, சின்ட்."

யாரும் மணியடிக்கவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன், பொத்தான் அழுந்தியே இருந்தது.

"உனக்கு எப்படி மனப்பாடம்?"

"ரெண்டு வருஷமாத் தெரியும் நின்கே. மறுவாரமே கண்ணுல பட்டுச்சு."

"நான்தான்னு..."

"மூணு இடம் விட்டிருந்துச்சு."

மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "தெரிஞ்சும் ரெண்டு வருஷம் ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

அப்போதுதான் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. "சொன்னேனே. நீதான் பதில் சொல்லல. சரி, மனசு மாறிட்டே போலன்னு நினைச்சு விட்டுட்டேன்."

"எப்போ சொன்னே? எங்க சொன்னே?"

ஒலிபெருக்கி கரகரத்தது. "முன்னூத்தி நாலுல சொல்லியிருக்கான்மா."

ஐயோ. நான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லையே. அவன் அதே இடத்தில், என் பாட்டுக்கு ஏழு வரி கீழே, அடுத்த நிரலுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறான், ஒற்றை நட்சத்திரத்தோடு, சின்ட் கணக்கில், சம்பிரதாயம் தவறாமல். எழுதிவிட்டு இரண்டு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நாலாவது இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கருவிக்கு வெட்கம் கிடையாது. இரண்டு நட்சத்திரம் இருந்தால் எடுத்து அடுத்த பக்கத்தில் போட்டுவிடும்.

"இது உனக்கு வந்தது. நீதான் படிக்கணும்" என்றார் பவுக்கே.

"எனக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாதே!"

"நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு. சத்தமா. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னேன்:

"மூன்று இடம் விட்டெழுதும் சின்ட் இங்கே ஒருவர்தான்;
தாடி இல்லை, தொப்பி இல்லை, பக்கத்து மேஜைக்காரர்தான்.
லீவு போட்டு வீட்டில் இருந்தும் எனக்குப் பொழுது போகவில்லை;
நேரில் சொல்ல வந்தேன் பலநாள், வாய் மட்டும் திறக்கவில்லை."

மூன்றாவது வரியில் என் குரல் உடைந்துவிட்டது. நான்காவதை ரொட்டி வண்டிக்காரர்தான் எனக்காகச் சத்தமாகச் சொன்னார். சந்தோஷத்தில் அழுதேன். இரண்டு வருடம் வீணாகப் போனதே என்று ஆத்திரத்திலும் அழுதேன். எது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

"நன்றி, சின்ட்" என்றேன்.

கூட்டம் கைதட்டிய சத்தத்தில் வாத்துகள் இரண்டும் எழுந்து பறந்துபோயின. மணி அடித்தது, பாலம் இறங்கி உட்கார்ந்தது, தடுப்பு எழுந்தது. யாராலும் நகர முடியவில்லை, ஏனென்றால் வழியை அடைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். வண்டிக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாக மூன்று ஸ்வெட்டரும் ஒரு தலையும் வெளியே வந்தன. "பல் டாக்டரு! பிளம்பரு! பத்துக்கு மீட்டிங் இருக்கு, நகருங்கப்பா!"

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். சியார்ட் கடக்கும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாலத்தின் நடுவில் யெல்மர் நின்றான். அவன் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. என் கையுறைகளில் ஒன்றைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். சின்னதாக இருந்தது, பாதிக் கைதான் நுழைந்தது. மீதிக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தது கையேட்டில் வராது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கீழே ஒரு படகு வந்து நின்று, ஊதி, பொறுமை இழந்து மறுபடி ஊதியது. மணி அடித்தது, தடுப்புகள் இறங்கின, பாலம் அசையவில்லை.

"திறக்கச் சொல்லி மூணு தடவ பொத்தான அமுக்கிட்டேன்" என்றது ஒலிபெருக்கி. "மாட்டேங்குது. கடைசி ஆள் கடக்கும்வரை காத்திரு. நல்லா வேலை செய்யுது, எழுதிக்கறேன். நீங்க அவசரப்படாதீங்க."

பத்தேகாலுக்கு பவுக்கே கையெழுத்துப் போட்டார். எங்கள் பைகளில் இருந்த இரண்டு ஒல்லிக் கையேடுகளையும் வாங்கி, மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். நீலக் கையேட்டைத் தரவே மாட்டேன் என்றுவிட்டார். ஏற்புப் படிவத்தில், கண்ட குறைகள் என்ற இடத்தில் அவர் எழுதியதை சியார்ட் எழுந்து நின்று சத்தமாகப் படித்தார்: "பக்கம் 303-க்கும் 304-க்கும் இடையே இரண்டு வருடத் தாமதம். பாலத்தின் மேலேயே சரிசெய்யப்பட்டது."

பிறகு சியார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தில் தப்புச் செய்தவர்தான் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும் என்பது எங்கள் விதி.

"இப்ப இதுக்கு யாரு கேக் வாங்கறது?" என்று கேட்டார்.

"நான்" என்றோம், இரண்டு பேரும்.